நாலாவது மருந்தின் வளைந்த கோடு

ஐப்பசி 6, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. மாடியில் காயப்போட்ட பயறு நடுவீட்டில், ஃபேனுக்கு அடியில். தீபாவளி முந்திரிக்கொத்து ஒரு டப்பா மிச்சம், நமத்துவிட்டது. உப்பு ஜாடியில் நீர் விட்டிருக்கிறது.

உமா நாலு மணி பஸ்ஸில் வந்தாள். குடை இருந்தும் நனைந்து. செல்வி காப்பி கொடுத்தாள், குடிக்காமல் ஆறவிட்டாள். (செல்வி என் மருமகள். உமாவின் அம்மை.)

"ஆச்சி, ரிப்போர்ட் வந்துட்டு."

"என்ன சொல்லுகாவ?"

"மூணு மருந்து நல்லா இருக்காம். நாலாவது நம்ப முடியலையாம்."

ஐந்து வருடமாக நாகர்கோவிலில் கல்லூரியில் ஆராய்ச்சி. புத்தகம் எழுதிக் கொடுத்தாயிற்று, இருநூறு பக்கத்துக்கு மேல், நீல அட்டை. எங்கள் வீட்டில் டாக்டர் பட்டத்துக்கு எழுதிய முதல் ஆள். தெருவிலும்தான். மேலத்தெரு வாத்தியார் மகன் பாதியில் விட்டான். அந்தப் புத்தகத்தை வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வரி விடாமல் படித்திருக்கிறார். நாலாவது மருந்துக்குப் போட்ட கோடு வளைகிறது, பொடி ஈரம் குடித்திருக்கும், எடை தப்பியிருக்கும் என்று எழுதியிருக்கிறார்.

பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

ஐப்பசி 7, வெள்ளி

மழை விட்டது. பயறு மறுபடி மாடிக்கு.

நேற்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டது. எனக்கு விளங்கிய அளவில்.

பொடியின் பேர் சைக்ளோடெக்ஸ்ட்ரின் (உமாவின் நோட்டைப் பார்த்து எழுதினேன், சொல்ல வராது). மாவுச்சத்திலிருந்து எடுப்பது. நம் மரச்சீனிக் கிழங்கு மாவிலிருந்தும் எடுக்கலாமாம். எத்தனை மூடு கிழங்கு பிடுங்கி அவித்திருக்கிறேன், ஒரு நாளும் தெரியாது.

ஏழு சர்க்கரை கை கோர்த்து வட்டமாக நிற்பது. நடுவில் ஓட்டை. ஒரு பக்கம் வாய் அகலம், மறுபக்கம் ஒடுக்கம்.

வெளிப்புறம் தண்ணீரோடு ஒட்டும். உட்புறம் ஒட்டாது.

மருந்து, வலி மாத்திரை வகை. நான் முட்டுக்குப் போடுவது போல. அதில் ஒரு முனை அமிலம், தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். மறுமுனை ஆறு மூலை உள்ள ஒரு கட்டு, எண்ணெய் குணம், தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். அதனால் மாத்திரை சரியாகக் கரையாது. என் வயிற்று எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணமாம்.

இந்தப் பொடியைப் போட்டால் எண்ணெய் முனை ஓட்டைக்குள் நுழைந்துகொள்ளும். அமில முனை வெளியே நிற்கும். மருந்து கரையும்.

என் தங்கச்சி திற்பரப்பு அருவியில் குளிக்க வந்தவள், தலை நனையக் கூடாது என்று பாறைப் பொந்துக்குள் நுழைந்துகொண்டு காலை மட்டும் தண்ணீரில் நீட்டிக்கொண்டிருந்தாள். அதேதான். உமாவிடம் சொன்னேன். சிரித்தாள். நேற்றிலிருந்து முதல் சிரிப்பு.

ஐப்பசி 9, ஞாயிறு

அவியலுக்கு முருங்கை கிடைக்கவில்லை. கத்தரிக்காய் கூடப் போட்டுச் சமாளித்தேன்.

உமாவின் மேடம் போன் செய்தார். அவர்தான் ஐந்து வருடமும் வழிகாட்டியவர். நல்ல மாதிரி. ஆனால் பயந்த மாதிரி. உமா ஸ்பீக்கரில் போட்டாள், நானும் செல்வியும் காதைத் தீட்டினோம்.

"உமா, அந்தப் படத்த எடுத்துரலாம். மூணு மருந்தே போதும். தேர்வுக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு. எதுக்கு வம்பு?"

"மேடம், வளையுறது உண்மையா இருந்தா?"

"உண்மையா இல்லாட்டா?"

பிறகு உமா, "ஒரு வாட்டி கூடச் செஞ்சு பாக்கேன் மேடம். பொடிய நல்லா உலத்திட்டு. ஏழு குப்பியும் ஒரே நாள்ல."

விஷயம் இதுதான். போன வருடம் அந்த நாலாவது மருந்துக்கு (மெபனமிக் அமிலம் என்று பேர்) ஏழு குப்பி தயார் செய்யும்போது நாலு குப்பி ஒரு நாள், மீதி மூன்று வேறொரு நாள். இடையில் வெள்ளம் வந்து பஸ் ஓடவில்லை. அந்த இடைவெளியில் பொடி ஈரம் குடித்திருந்தால் ஏழுக்கும் எடை ஒன்றுபோல் வராது. நேர்கோடு கோணிப்போகும். அந்த வெளியூர்ப் பெரியவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. என் உப்பு ஜாடியே சாட்சி.

மறுபடி செய்து கோடு நேராக வந்துவிட்டால், இந்த மருந்து மட்டும் வேறு மாதிரி என்று உமா கடைசிப் பகுதியில் எழுதியதெல்லாம் பிழை. வளைந்தால் அவள் சொன்னது சரி. ஆக, எங்கள் வீட்டில் இப்போது கோடு வளைய வேண்டும் என்று வேண்டுதல்.

ஐப்பசி 10, திங்கள்

வெயில். பயறு காய்ந்தது.

கல்லூரியில் ஒட்டிய அறிவிப்பை உமா போனில் படம் எடுத்து வந்தாள். செல்வி வாசித்தாள். பொது வாய்மொழித் தேர்வு, அடுத்த வாரம் வியாழன் காலை பத்தரை மணி, விருப்பமுள்ள அனைவரும் வரலாம்.

அனைவரும். நான் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். அதில்தான் இருக்கிறது.

பரீட்சை என்றால் கதவைச் சாத்தி எழுதுவது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இது சபை கூட்டி நடப்பது. சபை என்றால் வீட்டார் அழைக்காமல் யார் வருவார்? உமாவிடம் சொல்லவில்லை, அவளுக்கு வேலை கிடக்கிறது. சாயங்காலம் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முறைப்படி, வாசலில் நின்று, வீட்டுப் பெண்களுக்குக் குங்குமம் கொடுத்து.

அழைத்தது: கோமதி (என் வீட்டுக்காரரின் தங்கை, கீழத்தெரு). வடக்கு வீடு மூன்று பேர். நர்ஸ் வேலை பார்த்த லில்லி. இரணியலில் செல்வியின் அக்காளுக்குப் போன். கோயில் பூசகர் வீடு. பால்காரர், அவர் தானாகக் கேட்டார்.

கோமதி குங்குமத்தை வைத்துக்கொண்டு, "கல்யாணத்துக்கு அழைக்க வருவேன்னு பாத்தேன் மைனி. வெள்ளப் பொடி கலக்குகதுக்கு அழைக்கியா?" என்றாள்.

"ஆமா. வேனு உண்டு, சாப்பாடும் உண்டு. வரதுன்னா வா."

"சாப்பாடு உண்டுன்னா பின்ன வராம?"

ஐப்பசி 11, செவ்வாய்

உமா ஆறு மணி பஸ்ஸிலேயே போய்விட்டாள். பொடியை நேற்றே சூட்டுப் பெட்டியில் வைத்து உலர்த்தி, ஈரம் புகாத கண்ணாடி ஜாடியில் மூடி வைத்திருக்கிறாள். இன்றைக்கு ஏழு குப்பி. எல்லாவற்றிலும் ஒரே அளவு மருந்து, பொடி மட்டும் கூடிக்கொண்டே போகும். முதல் குப்பியில் பொடியே கிடையாது. ஒரு நாள் பூரா ஆட்டி வைத்து, நாளைக்குப் பார்ப்பது.

எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தைப் பாய்ச்சினால் மருந்து பதிலுக்கு ஒளிரும். தண்ணீரில் வெறுமனே கிடக்கிற மருந்து மங்கல், தண்ணீர் அதைத் தணித்துவிடும். வளையத்துக்குள் போய்விட்டால் அந்தத் தொந்தரவு இல்லை, கூட ஒளிரும். எவ்வளவு கூடுகிறது என்று வைத்துக் கோடு போடுவார்கள்.

இன்னொன்றும் சொன்னாள். ஓட்டை சும்மா கிடப்பதில்லை, முதலில் அதற்குள் தண்ணீர் இருக்கும். பிடிக்காத இடத்தில் முறுக்கிக்கொண்டு. மருந்து வந்ததும் அது விட்டால் போதும் என்று வெளியே ஓடி மற்றத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். மருந்துக்கும் நிம்மதி, தண்ணீருக்கும் நிம்மதி. யாரும் யாரையும் கட்டிப்போடவில்லை.

இதைக் கேட்டுக்கொண்டே புட்டு அவித்தேன், தேங்காய் போட மறந்துவிட்டேன்.

ஐப்பசி 12, புதன்

வளைந்தது.

மூன்றரை மணிக்குப் போன். செல்வி எடுத்தாள். "வளைஞ்சிட்டா? நல்லா வளைஞ்சிட்டா?" என்று கத்தினாள். வாசலில் நின்ற பால்காரர் யாருக்கோ கை முறிந்துவிட்டது என்று ஓடி வந்தார்.

மஸ்கட்டுக்குப் போன் போட்டோம். என் மகன் அங்கே இருபது வருடம். "கோடு வளைஞ்சா நல்லதா அம்மா?" என்றான். "நல்லதுதான் மக்கா. உனக்குச் சொன்னா வெளங்காது" என்றேன். எனக்கு விளங்கியது என்ற தைரியத்தில்.

நாளையும் மறுநாளும் இன்னும் இரண்டு தடவை செய்வாளாம். மூன்று தடவை ஒன்றுபோல் வந்தால்தான் பேச்சு.

பருப்புப் பாயசம் வைத்தேன். சும்மாதான்.

ஐப்பசி 15, சனி

மூன்றும் வளைந்துவிட்டன. ஆனால் வீட்டில் சண்டை.

பஸ் நிறுத்தத்தில் கோமதி உமாவைப் பார்த்து, "ஏட்டி, நாங்க பதினேழு பேரு வாறோம், எங்களுக்கும் இருக்கதுக்குக் கசேரி போடச் சொல்லு" என்று சொல்லிவிட்டாள்.

உமா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"யாரக் கேட்டு ஆச்சி அழைச்சிய?"

"அனைவரும் வரலாம்னு போட்டிருக்குல்லா."

"அது சட்டத்துக்குப் போடுகது. அஞ்சாறு சாரு, கூடப் படிக்க பிள்ளைங்க நாலு பேரு, அம்புட்டுதான் வருவாவ. நான் நாலு பேரு முன்னாடி நின்னாலே தொண்ட அடைக்கும். அதும் இங்கிலீசுல. பதினேழு பேரையும் வச்சிட்டு நான் தெணறினா ஊரே பாக்கும். அதுக்குத்தான் அழைச்சியளா?"

உண்மைதான். தனியாகப் பேசினால் மடை திறந்த மாதிரி பேசுவாள். ஒன்பதாம் வகுப்புப் பேச்சுப்போட்டியில் பாதியில் இறங்கி வந்து என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டது நினைவு வந்தது. எனக்கு ஏன் இது முன்னமே தோன்றவில்லை? பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

ஐப்பசி 16, ஞாயிறு

காலையில் கோமதி வீட்டுக்குப் போனேன். வர வேண்டாம் என்று சொல்ல. வாசலில் நின்று நாலு தடவை மழையைப் பற்றிப் பேசினேன்.

அவளே கண்டுபிடித்துவிட்டாள். "என்ன மைனி, அழைச்சத திரிச்சு வாங்க வந்தியா?"

"பிள்ள பயப்படுகா கோமதி."

"குங்குமம் கையில தந்து அழைச்சாச்சு. இனி வேண்டான்னா நாங்க என்னத்த நெனைக்கணும்? பிள்ளைக்குப் பட்டம் கிட்டாதுன்னு தெரிஞ்சு போச்சு, அதுதான் மறைக்காவன்னு நெனைக்கணும். தெருவில அப்படித்தான் பேசுவாவ. நானே பேசுவேன்."

அவள் சொல்வதும் சரி. கையில் குங்குமம் கொடுத்து அழைத்த அழைப்பை யாரும் திரும்ப வாங்கி எனக்குத் தெரியாது.

முடிவு: எல்லாரும் வருவோம். மண்டபத்துக்குள் போக மாட்டோம். வெளியே மரத்தடியில் இருந்து, முடிந்ததும் சாப்பாடு. உமாவிடம் சொன்னேன். "செரி" என்றாள். முகம் பார்க்கவில்லை.

ஐப்பசி 18, செவ்வாய்

உமா அடுக்களையில் நின்று எனக்குச் சொல்லிப் பார்த்தாள். தமிழில். எண்ணெய்க் கிண்ணத்தை நான் தட்டிவிட்டதுகூடத் தெரியாமல் சொன்னாள். புளித்தண்ணீர் மாதிரி அமிலத் தண்ணீரில் மருந்து வளையத்துக்குள் நன்றாக இறங்கும். சோப்புத் தண்ணீர் மாதிரி காரத்தில் அமில முனைக்கு மின்சாரம் ஏறி, தண்ணீரோடு சிநேகம் கூடி, பிடி தளரும். அதனால் எந்தத் தண்ணீர் என்று சொல்லாமல் எந்த எண்ணும் சொல்லக் கூடாது.

பிறகு அதையே இங்கிலீசில் ஆரம்பித்தாள். மூன்றாவது வரியில் நின்றது.

ரசவடைக்குப் பருப்பு ஊறப்போட வேண்டியது நாளை. மறக்கக் கூடாது.

ஐப்பசி 20, வியாழன்

திரும்பி வர இருட்டிவிட்டது. ஆனாலும் இன்றே எழுத வேண்டும்.

எட்டு மணிக்கு வேன். திற்பரப்புக்கு ஆள் ஏற்றும் வேன், ஓட்டுகிறவர் குளிக்கப் போகிற பாட்டாகவே போட்டார். எலுமிச்சைச் சோறு, அவியல், ரசவடை, உருளியில் பாயசம். கோமதி பாயசத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், யாரையும் தொட விடவில்லை.

மரத்தடியில் இருந்தோம். பத்து நிமிடத்தில் மழை. நர்ஸ் லில்லி குடையை உருளிக்குப் பிடித்தாள், தனக்குப் பிடிக்கவில்லை. அப்போது மேடம் வெளியே வந்து பார்த்துவிட்டார்.

"நீங்க எல்லாம் யாரு?"

"உமாவுக்க ஆளுவ" என்றாள் கோமதி.

"பொதுத் தேர்வும்மா இது. மழைல நிக்கப்படாது. உள்ள வாங்க."

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் பதினேழு பேரும் உள்ளே. செருப்பை வாசலில் வரிசையாக விட்டோம், கோயிலுக்குப் போல. உமா மேடையிலிருந்து பார்த்தாள். முகம் வெளிறியது. நான் பின்வரிசைக்குப் போய் லில்லிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

ஆரம்பித்தாள். இங்கிலீசு. திரையில் படம் படமாக. முதல் மருந்து, இரண்டாவது, மூன்றாவது. மெல்லத்தான், ஆனால் நிற்கவில்லை. மூன்று நேர்கோடு. நாலாவது வந்தது. வளைந்த கோடு. எழுதி அனுப்பிய பெரியவர் முன்வரிசையில் இருந்தார், வெள்ளைச் சட்டை, மெலிந்த ஆள். எழுந்து நீளமாக ஏதோ கேட்டார்.

உமா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தண்ணீர் குடித்தாள். மறுபடியும் இல்லை. மேடம் கையைப் பிசைந்தார். செல்வி என் விரலைப் பிடித்து நெரித்தாள். இங்கே கூட்டி வந்தது நான், வேறு யாரும் இல்லை.

பெரியவர் திரும்பி எங்களைப் பார்த்தார். தமிழில் கேட்டார். "இவங்கெல்லாம்?"

"எங்க ஊருங்கய்யா," உமா. அது மட்டும் வந்தது.

"நனைஞ்சுக்கிட்டு வந்திருக்காங்க. எனக்குச் சொல்ல வேண்டாம்மா, அவங்களுக்குச் சொல்லு. கோடு ஏன் வளையுது?"

உமா மேடையை விட்டு இறங்கினாள்.

"அம்மை, இங்க வா. ரெண்டு கையையும் நீட்டி நில்லு."

செல்வி நின்றாள். புதுச் சேலை, இரண்டு பக்கமும் கை நீட்டி.

"எனக்க அம்மைதான் மருந்து. மத்த மூணு மருந்துக்கும் வளையத்துக்குள்ள நுழைய ஒரு கைதான் உண்டு. இதுக்கு ரெண்டு. கோமதி ஆச்சி, வாங்க. ரெண்டு கையையும் வட்டமா கோத்து இந்தக் கைய உள்ள விடுங்க."

கோமதி போய் வளையமாக நின்றாள். சபை சிரித்தது.

"பொடி கொஞ்சமா இருந்தா ஒரு மருந்துக்கு ஒரு கோமதி ஆச்சி கிட்டினாலே பெரிசு. அதுவரைக்கும் கோடு நேராத்தான் போகும். பொடியக் கூட்டக் கூட்ட, மறு கை சும்மா கிடக்குல்லா, அதுக்கும் ஆளு வரும். ஆச்சி, எங்க ஒளிச்சிருக்கிய? வாங்க."

போனேன். செல்வியின் மறு கையைச் சுற்றிக் கை கோர்த்தேன்.

"இந்த ரெண்டாவது ஆளு பிடிக்கத் தொடங்குகப்போ கோடு வளையும். எனக்க ஆச்சி பக்கம் அமிலம் இருக்கு, அதனால அந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்தது. ஒரு மருந்துக்கு ரெண்டு வளையம்னு வச்சுக் கணக்குப் போட்டா, இதே கோடு நேராயிரும். இதோ."

திரையில் அடுத்த படம். நேர்கோடு.

பெரியவர் விடவில்லை. பொடி ஈரத்தைக் கேட்டார். இங்கிலீசில்தான் கேட்டார். உமா இங்கிலீசில்தான் சொன்னாள். கையைக் கட்டிக்கொள்ளாமல், எங்களைப் பார்த்துக்கொண்டே, கடகடவென்று. எனக்குப் புரிந்தது 'திரீ டைம்ஸ்' மட்டும். பெரியவர் தலையை ஆட்டினார். பேனாவை மூடினார்.

சபையில் யாராவது கேட்கலாம் என்றார் மேடம். படித்த பிள்ளைகள் ஒருவரும் கேட்கவில்லை. கோமதி, இன்னும் செல்வியின் கையை விடாமல், "நான் ஒண்ணு கேக்கட்டா? நாங்க இப்படி இறுக்கிப் பிடிச்சிட்டே இருந்தா மருந்து எப்ப வேலைக்குப் போகும்? முட்டு வலி எப்பத் தீரும்?"

பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து, "நான் இதைக் கேட்டிருக்கணும்" என்றார்.

உமா சொன்னாள். "முடிச்சு ஒண்ணும் போடல ஆச்சி. சும்மா சாஞ்சிருக்கதுதான். உள்ள போகதும் வெளிய வரதும் எப்பவும் நடந்துட்டே இருக்கும். வயித்துல தண்ணி கூடினா பிடி விட்டு மருந்து தானா பிரியும், உடம்புக்குள்ள போகும். வளையம் பெரும்பாலும் இரத்தத்துல சேராது, பெருங்குடல் கிருமிங்க தின்னுரும். ஆனா நான் செஞ்சது குப்பிக்குள்ளதான். வயித்துக்குள்ள பாக்கதுக்கு வேற ஆளு வேணும்."

"அப்பம் இப்ப விடலாமா?"

"விடுங்க."

எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். பதினைந்து நிமிடம். மழை விட்டிருந்தது. திரும்ப அழைத்தார்கள். பெரியவர் எழுந்து இங்கிலீசில் ஒரு தாளை வாசித்தார். எங்கள் ஆட்கள் யாருக்கும் எப்போது கை தட்டுவது என்று தெரியவில்லை. மேடம் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து லில்லி தட்டினாள். பிறகு எல்லாரும்.

பெரியவர் இரண்டு தடவை பாயசம் வாங்கினார். ரசவடை எப்படி என்று கேட்டார். சொன்னேன்.

ஐப்பசி 21, வெள்ளி

தூறல். உருளியில் அடி பிடித்திருக்கிறது, ஊறப்போட்டேன்.

கோமதி காலையிலேயே வந்தாள். தோளைத் தடவிக்கொண்டு, "உனக்க மருமவளுக்க கை என்ன கனம் மைனி. எனக்குத்தான் முதல் பிடி, அந்த வெள்ளச்சட்ட ஐயாவே பாத்தாரு. நீ பொறவுதானே வந்த?" என்றாள். தெரு முழுக்க இதைச் சொல்லிக்கொண்டுதான் வந்திருப்பாள். நான் மறுக்கவில்லை. காப்பி கொடுத்தேன்.

பட்டம் உறுதிதான், புத்தகத்தில் ஒரு வரி மட்டும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார் பெரியவர். நாலாவது மருந்தை எடுக்க வேண்டாம், மூன்று தடவை செய்ததை எழுதி, முடிவை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று. உமா மேசையில் உட்கார்ந்து இங்கிலீசில் எழுதினாள். எனக்குத் தமிழில் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தரச் சொன்னேன். சோற்றுப் பருக்கை வைத்து இங்கே ஒட்டியிருக்கிறேன்.

'மெபனமிக் அமிலம் ஒன்றுக்கு வளையம் இரண்டு.'